மூக்கு வைத்த கண்ணாடிக் குல்லா

நிஷாப்பூரில் ரோஜா வருஷத்துக்கு ஒரு முறைதான் பூக்கும். அன்று கடைசிக் கூடை. முன்னால் காய்ச்சிய பன்னீரெல்லாம் விற்றாகிவிட்டது. இது வீட்டுக்கு.

நாஹீதின் அம்மா பூக்களைப் பானையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். அடுப்பில் ஏற்றி, பழையது உடைந்ததால் நேற்று வாங்கிய கண்ணாடிக் குல்லாவை மேலே கவிழ்த்து, இடுக்கை மாவால் அடைத்தார். குல்லாவுக்கு நீளமான மூக்கு ஒன்று உண்டு. அதன் வழியாகத்தான் பன்னீர் சொட்ட வேண்டும்.

சொட்டவில்லை. புஸ்ஸென்று ஆவிதான் வந்தது.

"போச்சு! இந்தப் பூவும் வீணானா மாஹான் கண்ணுக்கு என்னடி பண்றது?" என்றார் அம்மா. தம்பி மாஹானுக்கு வெயில் காலத்துத் தூசி ஆகாது. கண் சிவந்து ஒட்டிக்கொள்ளும். பன்னீரால் கழுவினால்தான் திறக்கும்.

"அனல் பத்தலையோ என்னமோ. பக்கத்து வீட்டு மாமாகிட்ட ரெண்டு கங்கு வாங்கிட்டு ஓடியா!"

பக்கத்து வீட்டு பஹ்மன்யார் மாமா, முதுகில் கத்தியால் லேசாகக் கீறி, கண்ணாடிக் கிண்ணம் வைத்துக் கெட்ட ரத்தம் எடுக்கிறவர். நாஹீத் போனபோது ஒட்டகக்காரர் ரூஸ்பே குப்புறப் படுத்திருந்தார். மாமா அவர் முதுகில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மூக்கில் வாய் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, ஊதுறியா உறிஞ்சுறியா? ஒண்ணுமே தெரியலையே!" என்றார் ரூஸ்பே.

"சும்மா கிடய்யா! புதுக் கிண்ணம். கன்னம் ரெண்டும் கழண்டு போச்சு, பிடிக்கவே மாட்டேங்குது."

"உன் கன்னத்துக்கு முதல்ல வைத்தியம் பாரு!"

நாஹீத் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள். கிண்ணத்தின் விளிம்பு உள்பக்கமாக மடிந்து, சுற்றிலும் சின்ன வாய்க்கால் போல இருந்தது. மடிப்பு வழியாகக் காற்று நுழைந்தால் தோலில் எப்படி ஒட்டும்?

அவள் வீட்டுக் குல்லாவில் அந்த வாய்க்கால் இல்லையே! இருந்தால்தானே ஆவி நீராகி, வழிந்து, மூக்குக்குப் போகும்? இல்லாவிட்டால் திரும்பப் பானைக்குள்தான் விழும்.

"மாமா, இதை யார்கிட்ட வாங்குனீங்க?"

"நேத்து வந்த கண்ணாடிக்காரன்கிட்டதான். உங்கம்மாவும் பக்கத்துலதானே நின்னாங்க!"

"அப்போ உங்க கிண்ணம் எங்க பானை மேல உட்கார்ந்திருக்கு மாமா! எங்க குல்லா இவர் முதுகுல இருக்கு!"

மாமா கிண்ணத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "அடக் கடவுளே! ரெண்டுக்கும் ஒரே மூக்கு."

"இதுல ரத்தம் பட்டுச்சா?"

"கத்தியைக் கையிலயே எடுக்கலம்மா."

இருந்தாலும் நாஹீத் விடவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் மூன்று முறை அலசிய பிறகே குல்லாவை அம்மாவிடம் கொடுத்தாள். மாறிப்போன கதையையும் சொன்னாள். அம்மா துணியைச் சுற்றிச் சூடான கிண்ணத்தை எடுத்துவிட்டு, குல்லாவைக் கவிழ்த்துப் புது மாவு பூசினார். மாஹானும் வந்து உட்கார, மூவரும் குல்லாவின் மூக்கையே பார்த்துக் காத்திருந்தார்கள்.

சொட்டியது. இன்னொன்று சொட்டியது. மாஹான் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கி, நாற்பதுக்கு மேல் தெரியாமல் மறுபடி ஒன்றிலிருந்து வந்தான்.

அதற்குள் ஆறிப்போன கிண்ணத்தை நாஹீத் மாமாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ரூஸ்பேயின் குரல் கேட்டது.

"பஹ்மன்யார்! இது என்னய்யா இப்படி மணக்குது? நான் மணமா வீட்டுக்குப் போனா என் ஒட்டகத்துக்கே என்னை அடையாளம் தெரியாதே!"

காலையிலிருந்து உம்மென்று இருந்த அம்மா, மாவுக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.