வாளில் விழுந்த பொக்கை

கடைக்கு வெளியே ஒரு பலகை தொங்கியது. 'எந்தப் பொக்கையும் எங்களிடம் மிஞ்சாது' என்று அதில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

கத்தியின் ஓரத்தில் சின்னதாகச் சில்லு பெயர்ந்துவிட்டால் அதற்குப் பெயர் பொக்கை. சில்வண்டின் அம்மா அந்தக் கத்தியைச் சாணைக்கல்லில் வைத்து, பொறி பறக்கத் தேய்த்து, ஓரத்தை நேராக்கிவிடுவாள். தையற்காரர், முடி திருத்துபவர், இறைச்சிக் கடைக்காரர் என்று தெருவில் பாதிப் பேர் அம்மாவைத்தான் நம்பியிருந்தார்கள்.

கடைக்கு வந்தவர்களை வரவேற்பது சில்வண்டின் வேலை. வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர். பள்ளி விடுமுறை நாட்களில் வாடிக்கையாளர்களுக்குக் காது வலிக்கும்.

அன்று காலை, சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருந்த ஒருவர் நீளமான துணி மூட்டையோடு வந்தார். பிரித்தால் உள்ளே ஒரு வாள்! பித்தளைக் கைப்பிடி கறுத்துப் போயிருந்தது. வாளின் நடுவே பெரிதாக ஒரு பொக்கை.

"எங்க அப்பா பட்டாளத்துல இருந்தவரு. இது ஒரு ஆபீசரோட வாளாம். ரொம்பப் பழசு" என்றார் பேனாக்காரர். "நாளைக்கு அப்பாவுக்குப் பிறந்தநாள். கூர் தீட்ட வேண்டாம். பளபளன்னு ஆக்கி, இந்தப் பொக்கையை மட்டும் எடுத்துடுங்க. அவருக்குத் தெரியாம சுவத்துலேர்ந்து கழட்டிட்டு வந்திருக்கேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க!"

"நான் மூச்சு விட மாட்டேன்" என்றாள் சில்வண்டு.

"இவளா?" என்று அம்மா சிரித்தாள். "சாயங்காலம் வாங்க சார், முடிச்சு வைக்கிறேன்."

சில்வண்டுக்கு ஒன்று புரியவில்லை. கூர் வேண்டாம் என்றால் அது என்ன வாள்? வெண்டைக்காய்கூட நறுக்க முடியாதே!

"ஆபீசர் வாள் அப்படித்தான்டி. அணிவகுப்புல இடுப்புல தொங்கவிடத்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா உள் அறைக்குப் போனாள். முதலில் மெருகேற்றும் வேலை. பிறகுதான் சாணைக்கல்.

பிற்பகலில் ஒரு தாத்தா வந்தார். முதுகு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. முகம் மட்டும் வாடிப் போயிருந்தது.

"பாப்பா, இங்க யாராவது ஒரு வாள் கொண்டுவந்தாங்களா?"

சில்வண்டு வாய்வரை வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டாள். அது எப்போதும் நடக்கிற விஷயமே இல்லை.

"எந்த மாதிரி வாள் தாத்தா?"

"பித்தளைக் கைப்பிடி. நடுவுல ஒரு பொக்கை. தூங்கி எழுந்து பார்க்கிறேன், சுவத்துல காணோம். எவனோ திருடிட்டான். இந்தத் தெருவுல எல்லாக் கடையிலயும் கேட்டுட்டேன். அடுத்தது போலீஸ் ஸ்டேஷன்தான்."

சொன்னால் பிறந்தநாள் பரிசு கெட்டுப்போகும். சொல்லாவிட்டால் இவர் சொந்த மகனையே போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவார் போலிருக்கிறது!

"வேற வாள் வாங்கிக்கலாமே தாத்தா? பொக்கை இல்லாததா?" என்று சமாளித்தாள்.

"பொக்கை இல்லாதது எனக்கு எதுக்கு?" என்று தாத்தா சட்டென்று கேட்டார். "அந்தப் பொக்கைதானே என்னுது!"

சில்வண்டு விழித்தாள். பொக்கையைப் போய் யாராவது சொந்தம் கொண்டாடுவார்களா?

தாத்தா முக்காலியில் உட்கார்ந்தார்.

"நான் ஜீப் ஓட்டினவன் பாப்பா. ஒரு நாள் ஆபீசரை அணிவகுப்புக்குக் கூட்டிட்டுப் போனப்ப, வண்டி வாய்க்கால்ல கவிழ்ந்துடுச்சு. அவர் வெளிய விழுந்துட்டார். நான் உள்ள மாட்டிக்கிட்டேன். கதவு திறக்கல. தண்ணி கழுத்து வரைக்கும் வந்துடுச்சு. அவர் இடுப்புல இருந்த வாளை உருவி, கதவோட கொக்கியை வெட்டு வெட்டுன்னு வெட்டினார். அவரோட தாத்தா காலத்து வாள் அது. கொக்கியும் உடைஞ்சுது, வாளும் பொக்கையாச்சு."

"அப்புறம்?"

"அந்தப் பொக்கை வாளோடயே அணிவகுப்புல நடந்தார். எல்லாரும் சிரிச்சாங்க. அவர் கண்டுக்கவே இல்ல. நான் வேலையை விட்டு வந்தப்ப அதை எனக்கே குடுத்துட்டார். தினம் காலையில அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாதான் எனக்குப் பொழுது விடியும்."

அப்போது உள்ளே 'விர்ர்ர்' என்று சத்தம் கேட்டது.

சாணைக்கல்!

"ஒரு நிமிஷம் தாத்தா!" என்று கத்திக்கொண்டே சில்வண்டு உள்ளே பாய்ந்து மின்சுவிட்சைத் தட்டினாள். சாணைக்கல் முனகிக்கொண்டே நின்றது. வாள் அம்மாவின் கையில் இருந்தது. ஓரம் இன்னும் கல்லில் படவில்லை.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"பொக்கையை எடுக்காதே அம்மா" என்று கிசுகிசுத்தாள். விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னாள். அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது.

"கொண்டுவந்தவர் எடுக்கச் சொன்னாரேடி. ஒத்துக்கிட்ட வேலையை எப்படி விடறது?"

"இன்னிக்குத் தேய்க்காம விட்டா நாளைக்குத் தேய்ச்சுக்கலாம். தேய்ச்சுட்டா திரும்ப ஒட்ட முடியுமா?"

அம்மா வாளைப் பார்த்தாள். சாணைக்கல்லைப் பார்த்தாள். இத்தனை பெரிய பொக்கையை விட்டுவைக்க அவள் மனம் ஒப்பவில்லை. ஆனாலும் வாளைத் துணியில் சுற்றி வைத்தாள்.

சில்வண்டு ஒரு டம்ளர் தண்ணீரோடு வெளியே வந்தாள்.

"தாத்தா, ஸ்டேஷனுக்கு இப்பப் போக வேண்டாம். கொஞ்ச நேரம் இங்கயே உட்காருங்க. உங்க வாள் எங்கயும் போகாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஆனா தெரியும்."

தாத்தா குழம்பிப்போய் அவளையே பார்த்தார். இருந்தாலும் எழுந்து போகவில்லை.

வெயில் தாழ்ந்ததும் பேனாக்காரர் வந்தார். முக்காலியில் இருந்தவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அப்பா! நீங்க இங்க எங்க?"

"நீ இங்க எங்கடா?"

அம்மா வாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். பித்தளை தங்கமாக மின்னியது.

"என்னம்மா இது? பொக்கை அப்படியே இருக்கே!" என்றார் பேனாக்காரர்.

தாத்தா எதையும் கேட்கவில்லை. பளபளப்பையும் பார்க்கவில்லை. அவர் கட்டைவிரல் வாளின் ஓரமாக மெல்ல நகர்ந்து போய், பொக்கையில் சரியாகப் பொருந்தி நின்றது.

"இருக்கு" என்றார். அவர் கண் கலங்கியது.

பேனாக்காரர் அந்த விரலையே பார்த்தார்.

"அது உங்களுக்கு அசிங்கமா இருக்கும்னு நினைச்சேன்ப்பா."

"நீ என்னைக் கேட்டியாடா?"

"நீங்களும் சொன்னதே இல்லையே!"

தாத்தா யோசித்தார். "ஆமா, சொன்னதே இல்ல" என்று ஒப்புக்கொண்டார். வாளை மகன் கையில் கொடுத்தார். "நட, வழியில சொல்றேன். பளபளப்பு நல்லாத்தான் இருக்கு."

இருவரும் தெருவில் பேசிக்கொண்டே போனார்கள். பேசியது தாத்தா மட்டும்தான். மகனின் விரலும் இப்போது அந்தப் பொக்கையைத் தடவிக்கொண்டிருந்தது.

"என் கடையிலேர்ந்து ஒரு பொக்கை அப்படியே போகுது" என்று அம்மா பெருமூச்சு விட்டாள். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சில்வண்டு ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு முக்காலியில் ஏறினாள். 'எந்தப் பொக்கையும் எங்களிடம் மிஞ்சாது' என்ற பலகையின் அடியில், கொஞ்சம் கோணலாக, இரண்டே வார்த்தை எழுதினாள்:

'ஒன்றைத் தவிர.'