நுரைக்குள்ளிருந்து வந்த பதில்

வேனில் நாலு பேர். ஸ்டியரிங்கில் சிரஞ்சீவி. அவன் பக்கத்தில், நீளக் காலை மடக்க இடமில்லாமல் முட்டியைக் கட்டிக்கொண்டு யதிராஜ். பின் சீட்டில் இடது ஜன்னலோரம் முனிகிருஷ்ணன், வலது ஜன்னலோரம் அவன் மச்சான் சீனு. இருவருக்கும் நடுவில் ஒரு பை. அதில் புளியோதரை, துண்டு, தண்ணீர் பாட்டில். போகும்போது இப்படி உட்கார்ந்துதான் போனார்கள். திரும்பும்போதும் இதே இடம், இதே வரிசை. யாரும் மாறி உட்காரவில்லை.

மாறியது ஒன்றே ஒன்று. அந்த வேனில் பெல்ட் போடாமல் யாராவது உட்கார்ந்தால் டிங் டிங் என்று மணி அடிக்கும். போகும்போது சீனு வழியெல்லாம் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கடலை வீடியோ எடுத்துக்கொண்டே வந்தான். "டேய், பூசையா பண்றே? மணிய நிறுத்துடா," என்று சிரஞ்சீவி கத்தினான். திரும்பும்போதும் சீனு பெல்ட் போடவில்லை. பட்டை பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்ததை முனிகிருஷ்ணன் பார்த்தான். மணி அடிக்கவில்லை.

அந்த சீட்டில் ஆள் இல்லை என்று வண்டி நினைத்துக்கொண்டிருந்தது.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். நாலு பேரும் குரோஷியாவில், ஏட்ரியாட்டிக் கடலோரத்து ஓட்டல் ஒன்றில் சீசன் வேலைக்கு வந்தவர்கள். முனிகிருஷ்ணனும் சீனுவும் ராமகுப்பம். ஊரில் பட்டுப்புழு, அப்புறம் ஸ்ரீ சிட்டியில் பாக்டரி, இப்போது இங்கே சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலை. நாராயணவனத்து சிரஞ்சீவி சலவை வேன் ஓட்டினான். திருப்பதி மாடவீதிப் பக்கம் பிறந்த யதிராஜுக்கு வரவேற்பு மேசையில் வேலை. கிளம்பும் அன்று முனிகிருஷ்ணனின் பெண்டாட்டி வெங்கடலட்சுமி அவனிடம் ஒன்றுதான் சொன்னாள்: "எந் தம்பிய உன்ன நம்பித்தான் அனுப்பறேன். அவன விட்டுட்டு நீ மட்டும் வந்து வாசல்ல நிக்காத."

பார்ட்டி பீச் என்று ஒன்று பக்கத்தில் இருப்பதை சீனு போனில் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து நச்சரிப்பு. "மாமா, ஒரே ஒரு தபா. ஊர்ல போயி காட்டணும் மாமா." அவனுக்கு நீந்தத் தெரியாது. ஏரி நிறைந்து பார்த்ததே இரண்டு தடவை. கரையில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்ற பேச்சில்தான் கிளம்பினார்கள்.

கடற்கரையில் மணல் இல்லை. வெயிலில் காய்ந்த வெள்ளைக் கூழாங்கல். பைன் மரங்களிலிருந்து சுவர்க்கோழி மாதிரி ஏதோ ஓயாமல் கத்தியது; அதையும் அமுக்கிக்கொண்டு ஸ்பீக்கர்களின் அதிர்வு வயிற்றுக்குள் உதைத்தது. தேங்காய் வாசனை எண்ணெய், சிந்திய பீர், வறுத்த மீன், சிகரெட், வேர்வை எல்லாம் கலந்து ஒரே வாசனையாக முகத்தில் அப்பியது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கைதூக்கிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். "இன்னாண்ணா இது, பிரம்மோற்சவத்து கருடசேவை கூட்டம் மாதிரி கீது," என்றான் சிரஞ்சீவி. "துணிதான் கம்மி." யதிராஜ் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

பொழுது சாய்கிற நேரத்தில், கூட்டம் முங்கி ஆடுவதற்கென்று சோப்பு நுரையைத் திறந்துவிட்டார்கள். மேடைமேல் பீரங்கி மாதிரி இரண்டு இயந்திரங்கள் வெள்ளை நுரையைக் கூட்டத்தின்மேல் பீச்சின. முழங்கால், இடுப்பு, மார்பு. சீனு கூவிக்கொண்டு உள்ளே ஓடினான். திரும்பி ஒருமுறை கை காட்டினான். மணிக்கட்டில் திருமலையில் கட்டிய மஞ்சள் சிவப்புக் கயிறு. பிறகு நுரை அவன் தலைக்குமேல் மூடியது.

வருவான் என்று நின்றார்கள். ஒரு பாட்டு முடிந்தது. இன்னொன்றும் முடிந்தது. நுரை கடல்வரைக்கும் நீண்டு போயிருந்தது. எங்கே கரை முடிகிறது, எங்கே தண்ணீர் ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. போன் அடித்துப் பார்த்தார்கள். அணைந்திருந்தது. பெயர் சொல்லிக் கத்தினார்கள். முன்னால் நின்றவனுக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் முனிகிருஷ்ணனுக்கு அந்த யோசனை வந்தது. புரட்டாசியில் ராமகுப்பத்திலிருந்து திருமலைக்கு நடந்து போகும் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் 'கோவிந்தா' என்று குரல் கொடுப்பார். கடைசியில் வருகிறவன் பதில் கொடுப்பான். பதில் வந்தால் நடுவில் அத்தனை பேரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். திரும்பி முகம் பார்ப்பதில்லை. வழியில் எவனோ சேர்ந்துகொண்டு பதில் சொன்னாலும் அவனும் கூட்டத்தில் ஒருவன்தான். பதில் சொன்னவனைப் பாதியில் விடக்கூடாது. சோறு போட்டு, கூடவே நடத்தி, வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். முனிகிருஷ்ணனின் அப்பா, நைனா, இருந்தவரைக்கும் நைனாவின் குரல். அவர் போனபின் முனிகிருஷ்ணனின் குரல். எந்தச் சந்தடியிலும் அந்த இழுப்பு சீனுவின் காதுக்கு எட்டும்.

அவன் வாயருகே கை குவித்ததுமே யதிராஜ் தோளைப் பிடித்தான். "வேண்டாண்ணா. மலையில கூப்பிட்டா நம்ம ஆளுதான் பதில் சொல்லுவா. இங்க யார் சொல்லுவான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"பயந்தாங்கொள்ளி அய்யரே, நீ சும்மா இரு," என்றான் சிரஞ்சீவி. "அந்தப் பேரு சொல்றவன் கெட்டவனா இருப்பானா?"

பாட்டு ஒரு நொடி நின்றது. முனிகிருஷ்ணன் கூப்பிட்டான். "கோவிந்தா!"

நுரைக்குள், வெகு தூரத்தில், தண்ணீர்ப் பக்கமாகப் பதில் வந்தது. "கோவிந்தா." சீனுவின் குரல். அவசரமில்லாத குரல்.

கொஞ்ச நேரத்தில் நுரையைப் பிளந்துகொண்டு சீனு நடந்து வந்தான். முனிகிருஷ்ணன் ஓடிப்போய்க் கையைப் பிடித்தான். கிணற்றடிக் கல்லைத் தொட்டமாதிரி இருந்தது. அந்தக் குளிர் உள்ளங்கையிலிருந்து முழங்கைக்கு ஏறி அங்கேயே தங்கியது. திட்டவேண்டும் என்று நினைத்தான். திட்ட வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை.

"ஏமிரா, பேசமாட்டியா? தண்ணி குடிச்சிட்டியா?" என்று சிரஞ்சீவி முதுகில் தட்டினான். தட்டிய கையை உடனே எடுத்துக்கொண்டான்.

சீனுவின் காதோரத்தில் ஒரு கை அளவு நுரை ஒட்டியிருந்தது. சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவனுக்கு நுரையைப் பற்றித் தெரியாதா? வெளிக்காற்றில் வந்தால் பொட்டுப் பொட்டென்று உடைந்து அடங்கிவிடும். வேன் ஓட்டலுக்கு வந்துசேரும்வரை அது உடையவில்லை.

மறுநாளும் உடையவில்லை.

சலவைக்கூடத்துக்கு மேலே அவர்கள் தங்கியிருந்த அறையில் சீனு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். புளியோதரையை எதிரில் வைத்தார்கள். "துன்னுடா சீனு." துன்னவில்லை. அவனைச் சுற்றி உப்பு வாசனை. அதற்கு அடியில், ஈரத்துணியை நாள்கணக்கில் மூட்டையிலேயே விட்டால் வருமே, அந்த வாசனை. எது கேட்டாலும் பேச்சில்லை. யோசித்து யோசித்து முனிகிருஷ்ணன் மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தான். "கோவிந்தா." உடனே பதில் வந்தது. அதற்கு மட்டும்தான் வந்தது.

காலையில் மாமியார் யசோதா வீடியோவில் வந்தாள். "சீனு போன் எடுக்கமாட்டேங்கறான் மாப்ள. உடம்பு கிடம்பு சரியில்லியா?"

"போனு தண்ணியில வுழுந்துடிச்சி அத்தை. இதோ, பக்கத்துலதான் ஒக்காந்துகினு கீறான். பாருங்க." போனைத் திருப்பிக் காட்டினான்.

யசோதா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "கட்டிலு தெரியுது. தலகாணி தெரியுது. அவன் எங்க மாப்ள?"

முனிகிருஷ்ணன் போனைப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான். திரும்பப் போனைப் பார்த்தான்.

"லைன் சரியில்ல அத்தை," என்று அணைத்துவிட்டான்.

மதியம் மானேஜரம்மா மூன்று பேரையும் சலவைக்கூடத்து வாசலுக்கு அழைத்தாள். போலீஸ் ஒரு படம் அனுப்பியிருந்தது. பார்ட்டி பீச்சில் விடியற்காலை குப்பை பொறுக்க வந்தவர்கள் கூழாங்கல்மேல் கண்டெடுத்த உடம்பு. முகத்தைத் துணியால் மூடி, கையை மட்டும் எடுத்த படம். வெளிநாட்டு ஆட்கள் வேலை செய்யும் ஓட்டல்களிலெல்லாம் விசாரிக்கிறார்களாம்.

நீர் ஊறி வெளுத்த கை. மணிக்கட்டில் மஞ்சள் சிவப்புக் கயிறு.

சிரஞ்சீவி படத்துக்குக் கிட்டே குனிந்தான். "அண்ணா. அந்தக் கவுறு. நம்ம சீனு..."

"சீனு மேல ஒக்காந்துகினு கீறான்," என்றான் முனிகிருஷ்ணன்.

"அப்ப மேல இருக்கறது யாருண்ணா?" என்று யதிராஜ் கேட்டான்.

நீங்கள் நாலு பேரும் இருக்கிறீர்கள்தானே என்று மானேஜரம்மா கேட்டாள். மற்ற இருவரும் முனிகிருஷ்ணனைப் பார்த்தார்கள். ஊரில் வீட்டு வாசலில் வெங்கடலட்சுமி நிற்பது அவன் கண்ணுக்குள் தெரிந்தது. சவப்பெட்டியில் படுத்துக்கொண்டு ஒருவன் வீட்டுக்குப் போகலாம். நடந்து ஒருவன் போகலாம். இதைத் தராசில் வைத்துப் பார்க்கிறோம் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. முழங்கையில் தங்கிய குளிர் இப்போது நெஞ்சுவரை வந்திருந்தது, அங்கே எதுவும் வலிக்கவில்லை.

"நாலு பேரும் இருக்கிறோம்," என்றான். "இது யாரென்று தெரியாது."

மேலே போய் சீனுவின் கையை எடுத்துப் பார்த்தான். கயிறு இல்லை. கயிறு இருந்த இடத்தில் சுற்றிலும் ஒரு வெளிறிய வளையம்.

அன்று சாயங்காலமே மற்ற இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டார்கள். போகும்போது யதிராஜ் கதவுக்கு வெளியே நின்றபடி, "இப்பவாவது உண்மைய சொல்லிடுங்கோண்ணா. அங்க அவன் அநாதையா கிடக்கான்," என்றான். அழுதான். முனிகிருஷ்ணன் கதவைச் சாத்தினான்.

பிறகு மேசை முன் உட்கார்ந்து கடிதம் எழுதினான். போனில் பேசினால் காற்றோடு போய்விடுகிறது, எழுதிப் போடு என்பாள் வெங்கடலட்சுமி. ஸ்ரீ சிட்டியில் இருந்தபோதே அது வழக்கம். இப்போதோ சீனு போனில் தெரிவதில்லை; காகிதத்தை விட்டால் வேறு வழியில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி வலது மூலையில் ஊரும் தேதியும் போட்டு, இடம் விட்டு ஆரம்பித்தான்.

'அன்புள்ள வெங்கடலட்சுமிக்கு, நலம். நலமறிய அவா. சீனு என்னோடுதான் இருக்கிறான். தொண்டை கட்டிக்கொண்டதால் பேசமாட்டான். அத்தையிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல். சீசன் முடிந்ததும் நீ சொன்னபடியே கூட்டிக்கொண்டு வருவேன். வாசலுக்கு வந்ததும் கோவிந்தா என்று ஒருமுறை கூப்பிடு. பதில் சொல்வான். பதில் சொன்னால் உள்ளே விடு.'

கடைசி வரியை எழுதவேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. எழுதியிருந்தது. அடிக்கவும் தோன்றவில்லை.

உறையின் மடிப்பில் உலர்ந்த கோந்து. தண்ணீர் தேடினான். பின்னாலிருந்து ஒரு கை நீண்டு உறையை வாங்கிக்கொண்டது. சீனு அதை வாயருகே கொண்டுபோனான். நாக்கு வெளியே வந்தது. வெளுத்த நாக்கு. மடிப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, நிதானமாக. ஒட்டிக் கொடுத்தான். மடிப்போரம் முழுக்க வெள்ளை நுரை. முனிகிருஷ்ணன் கட்டைவிரலால் துடைத்தான்.

உடையவில்லை.

இருவரும் தெருவில் இறங்கினார்கள். மூலையில் மஞ்சள் தபால்பெட்டி. வெயில் இன்னும் இருந்தது. ஐஸ்கிரீம் கடையில் குழந்தைகள். முனிகிருஷ்ணன் உறையைப் பெட்டியின் வாயிடுக்கில் பாதி நுழைத்தான். அப்போது, இத்தனை நேரமும் பின்னால் வந்த சீனு, அவனைத் தாண்டி முன்னால் போய் நின்றான். கடலுக்கு முதுகு காட்டி நின்றான். வாயருகே கை குவித்தான்.

"கோவிந்தா!"

நைனாவின் இழுப்பு. முனிகிருஷ்ணனின் குரல்.

பதில் சொன்னால் அதன் கூட்டத்தில் தானும் ஒருவன், சொல்லக்கூடாது என்று அவனுக்குத் தெரியும். பல்லைக் கடித்தான். கடித்த பல்லுக்கு நடுவே உப்புக் கரித்தது. வாய் தானாகத் திறந்தது.

"கோவிந்தா," என்றான் முனிகிருஷ்ணன், கடைசி ஆளாக.

முன்னால் நின்றது திரும்பி முகம் பார்க்கவில்லை. நடக்க ஆரம்பித்தது.

விரல் விட்டது. கடிதம் பெட்டிக்குள் விழுந்தது.