கல்மேல் நிற்க ஒருவர்

அவன் ஒன்றுமே சொல்லவில்லை. ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் மனைவி சிரித்தாள்.

தொண்டை கரகரத்ததால் மைக்கை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான் அவன். மழை விட்ட சாயங்காலம், ஜன்னல் விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் நீரின் சத்தம், கம்ப்யூட்டருக்குள் சூடேறிய தூசியின் லேசான கருகல் வாசனை, மேலே மின்விசிறியின் முனகல், இவற்றுக்கு நடுவே அந்தச் சிரிப்பு ஹெட்போனிலும் சுவர் வழியாகவும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தது. யாரோ ஒருவர் நல்ல நகைச்சுவை சொல்லி முடித்ததும் வரும் சிரிப்பு அது.

வீடியோ கேம்களுக்கு மதிப்புரை எழுதுவது அவன் பிழைப்பு. இப்போது கையில் இருப்பது இருவர் சேர்ந்து ஆடவேண்டிய புதிர் விளையாட்டு. ஒரே வீடு, நடுவில் சுவர், ஆளுக்கொரு பாதி. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, குரல்தான் துணை. ஒரு பாதியில் தரையில் பதித்த கறுப்புக் கல்லின்மேல் ஒருவர் ஏறி நின்றால் மறுபாதியில் கதவு திறக்கும். இறங்கினால் மூடிவிடும். அதனால் மனைவியை லேப்டாப்போடு படுக்கையறையில் உட்காரவைத்துவிட்டு, இவன் தன் மேஜையில் இருந்தான்.

மனைவி கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர்களுக்குப் பார்வை சோதிப்பவள். நேற்றுவரை மவுஸைத் தொட்டுப் பார்க்காதவள், இன்று புதிர்களை வெண்டைக்காய் நுனி ஒடிப்பதுபோல ஒடித்துப் போட்டுக்கொண்டே போனாள். "நீங்க அங்கயே நில்லுங்க விமர்சகரே, நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்பாள். ஊருக்கெல்லாம் விளையாட்டின் நல்லது கெட்டது சொல்லுகிறவன் கல்லின்மேல் வாட்ச்மேன் வேலை பார்த்தான். அவனுக்கு வயிறு எரிந்தது.

மதிப்புரையின் வரைவு பக்கத்துத் திரையில் பாதியில் நின்றது. பலம்: ஒலி, சுவருக்குப் பின்னால் ஒரு மூச்சு நிஜமாகவே கேட்கிறது. பலம்: ஒருவரை ஒருவர் நம்பாமல் ஓர் அடி நகர முடியாது. பலவீனம்: குனிந்து பார்த்தால் நம் கால்கள் தெரிவதில்லை, வெறும் தரைதான் தெரிகிறது, சோம்பேறி வேலை. பலவீனம்: ஒருவர் முன்னேறிக்கொண்டே இருக்க, இன்னொருவர் நின்றே சாகவேண்டும். கடைசி வரியை மட்டும் கொஞ்சம் காட்டமாகவே எழுதியிருந்தான்.

மைக்கைப் போட்டான். "எதுக்குச் சிரிச்ச?"

"நீங்களே ஜோக் சொல்லிட்டு என்னையே கேக்குறீங்களா?"

ஜோக் சொன்னது யாரென்று இவனுக்கு உடனே தோன்றிவிட்டது. அவள் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். சாப்பாட்டு மேஜையில் அவன் பேச்சு வராத நாளே கிடையாது. இவனிடம் மழுப்பிவிட்டு, போனில் அவனோடு பேசிக்கொண்டே ஆடுகிறாள் போல. இவன் மறுபடி மைக்கை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான்.

"இடது பக்கமா? ஆமா, தெரியுது." அவள் குரல் குழைந்திருந்தது. "நீங்க இவ்வளவு பொறுமையா பேசி எவ்வளவு நாளாச்சுங்க."

'ங்க.' லென்ஸ்காரனை அவள் வாடா போடா என்பாள். 'ங்க' இவனுக்கு மட்டும்தான்.

சோதித்துப் பார்க்கலாமென்று விளையாட்டுக்குள் கல்லைவிட்டு இறங்கி, தன் பாதி வீட்டின் மூலைக்கு நடந்தான். இப்போது அவள் பக்கத்துக் கதவு மூடியிருக்க வேண்டும். "கதவு திறந்தே இருக்கு, அப்படியே நில்லுங்க" என்றாள். திரும்பிப் பார்த்தான். கல் அழுந்தியே இருந்தது. அதன்மேல் யாரும் இல்லை.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். அவள் பேச்சு நின்ற இடைவெளிகளில், மூச்சுக்கு அடியில், ஓர் ஆண் குரல் கேட்டது. இவனுடைய சொந்தக் குரல். இப்போதைய எரிச்சலும் அவசரமும் மட்டும் அதில் இல்லை. கல்யாணமான புதிதில் இவன் அப்படித்தான் பேசினான்.

புத்தியுள்ளவன் அந்த நிமிஷமே ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கியிருப்பான். ஆனால் அப்படிச் செய்தால், அந்தப் பொறுமை தன்னுடையது இல்லை என்று அவளிடம் சொல்லவேண்டி வரும். பொறாமை கண்ணை மறைத்தது. அடுத்தவன் சமைத்ததைத் தன் சமையல் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை வந்தது. மைக்கைப் போட்டான்.

"நான் சொன்னதெல்லாம் உதவியா இருந்துச்சா?"

"ரொம்ப. இன்னிக்கு நீங்க வேற ஆள் மாதிரி இருக்கீங்க."

"நான்தான். வேற யாரு."

சொல்லி முடித்ததும் மின்விசிறியின் முனகல் நின்றது. விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சுவருக்குப் பின்னால் கேட்ட மூச்சு இப்போது அவன் பிடரிக்குப் பின்னால் கேட்டது.

"கடைசிக் கதவு," என்றது அவன் குரல், அவளிடம். "நான் அந்தப் பக்கம் வந்துடட்டுமா?"

"வாங்க. இந்தத் தடவ கல்லுல நான் நிக்கிறேன்."

"வேணாம்," என்றான் இவன். "ஏறாத. அது நான் இல்ல."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஏங்க, குறுக்க யாரோ கத்துறாங்க. உங்களுக்கும் கேக்குதா?"

"கேக்குது," என்றது அந்தக் குரல். "ஹெட்போனைக் கழட்டி வெச்சுடு."

அவள் கழற்றி மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை.

தன்னுடையதையும் கழற்றினான். மழைச் சொட்டு இல்லை. கருகல் வாசனை இல்லை. மூச்சு மட்டும் இருந்தது. எழுந்தான். அறைக் கதவுக்கு ஓடினான். கைப்பிடி திரும்பவில்லை. தட்டினான். சத்தமே வரவில்லை. பின்வாங்கினான். ஓர் அடி. இன்னோர் அடி.

அடியில் ஏதோ அழுந்தியது. சில்லென்று.

கதவு தானாகத் திறந்தது.

சாப்பாட்டு மேஜைமேல் விளக்கு எரிந்தது. இரண்டு தட்டுகள். மனைவி பரிமாறிக்கொண்டிருந்தாள். எதிரே, முதுகைக் காட்டியபடி, இவனுடைய நீலச் சட்டை.

பாய்ந்தான். கதவு மூடிக்கொண்டது. பின்னால் வந்தான். திறந்தது. மறுபடி பாய்ந்தான். மூடியது. நின்றால்தான் பார்க்கலாம்.

நின்றான்.

"இன்னிக்கு மாதிரியே எப்பவும் இருங்க," என்றாள் அவள்.

"இருக்கேன்."

அந்தத் தோளில் கை வைத்தாள். இவன் தோளில் அப்படி வைத்து வருஷக்கணக்காகிறது. கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. நீலச் சட்டை மட்டும் சாப்பிடுவதைச் சற்று நிறுத்தியது. பிறகு தொடர்ந்தது.

குனிந்து பார்த்தான்.

கறுப்புக் கல் அழுந்தியிருந்தது. அதன்மேல் கால்கள் இல்லை.