குன்றின் மேல் நின்ற பழுது

கார்மென் மாதா மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய்யை நினைவில் வைத்துக்கொள்ள இந்த வயதில் எனக்குத் தெம்பும் இல்லை.

எடில்மா தன் வீட்டுக் கூரை மேல், வெள்ள எச்சரிக்கைப் பெட்டிக்குக் காவலாக நின்றாள். மழை மெல்லத் தூறியது... அவள் கண்களில் மட்டும் இடி, மின்னல்.

"பெட்டியத் தொட்டீங்க... கைய ஒடிச்சிருவேன்!"

ஏணியில் பாதி ஏறிய ரூபியேல் அப்படியே நின்றான். எதிர்க் குன்றில் ரேடியோ கோபுரத்தைத் தனியாளாகப் பார்த்துக்கொள்பவன் அவன். மலையில் மழை கொட்டினால் நகரம் குன்றுக்குச் சொல்லும். குன்று இந்தப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி சங்கு ஊதும். ஆற்று வெள்ளம் வருமுன் ப்ளாயா ஓண்டா ஊரே மேடேறிப் பிழைக்கும். ஆனால் தினமும் மாலைக் காபி நேரத்தில் பெட்டியின் பச்சை விளக்கு செத்துவிடும். சேவல் சண்டைக்கு விளக்குப் போட ஊர்க்காரர்கள் மின்சாரம் திருடுகிறார்களாம்! வந்து பார்க்காமலே நகரத்து அலுவலகம் கண்டுபிடித்தது. பெட்டியைக் கழற்றி வர அவனை அனுப்பியது.

"எனக்கு உத்தரவு, எடில்மா..."

"எம் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் காது சிவந்தது.

"ஒயர மாத்தினேன். பேட்டரிய மாத்தினேன். இலை மறைக்குதோன்னு எங்கப்பாவோட மாமரத்தையே வெட்டினேன்! அவரு இன்னும் எங்கூடப் பேசல. நாங்க திருடங்களா?"

"காபி நேரம் வரைக்கும் பொறுப்போம். விளக்கு செத்தா காரணத்தை நானே கண்டுபிடிக்கிறேன்."

வந்தவருக்கு வெல்லத் தண்ணீர் கொடுக்காவிட்டால் எங்கள் பக்கம் அவமானம். கொடுத்தாள்... முகத்தில் வீசுவதுபோல.

காபி நேரம் வந்தது. போனது. பச்சை விளக்கு அணையவில்லை, கண்கூடச் சிமிட்டவில்லை.

எடில்மா மெல்லத் திரும்பினாள். "இப்ப குன்றுல யாரு இருக்கா?"

"யாருமில்ல. நாந்தான் இங்க இருக்கேனே."

"தினம் இந்நேரத்துக்கு அங்க என்ன பண்ணுவீங்க?"

"ஆண்டெனாவுக்கு முன்னாடி நின்னு... தூரக்கண்ணாடில... இந்தக் கூரையப் பார்ப்பேன்."

"கூரையில என்ன இருக்கு?"

"நீங்க துணி எடுக்க வருவீங்க... உங்கம்மா பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க... அவங்க உதட்டப் பார்த்தே..."

அந்த நொடியில்தான் அவனுக்கும் உறைத்தது. தட்டு ஆண்டெனாவுக்கு நேர் முன்னால் ஆறடி மனிதன் நின்றால் அலை அவன் தொப்பையைத் துளைத்துக்கொண்டா வந்து பச்சை விளக்கை ஏற்றும்?

"பாவி! உங்க கண்ணுக்குக் குளிர்ச்சி... எங்க ஊருக்குத் திருட்டுப் பட்டமா?" அவன் இடுப்பில் தொங்கிய ரேடியோவின் பேசுகருவியை எடுத்து அவன் கையில் திணித்தாள். "சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கணும்."

வேலை போய்விடும்... மானமும். ரூபியேல் அவள் கண்களைப் பார்த்தான். பொத்தானை அழுத்தினான்.

"அலுவலகம்... ப்ளாயா ஓண்டாவுல திருட்டு இல்ல. பழுது நாந்தான். எடில்மாவப் பார்க்க ஆண்டெனாவ மறைச்சு நின்னேன். மனசு அவகிட்டப் போயிருச்சு. பெட்டி இங்கயே இருக்கட்டும். வேணும்னா என்னைக் கழட்டிக்குங்க."

பேருந்து ஓட்டுநர்கள் முதல் காபி பறிக்கிறவர்கள்வரை பள்ளத்தாக்கே கேட்டது. இரைச்சலுக்குள் மேலதிகாரியின் தொண்டைச் செருமல்.

"பெட்டி இருக்கட்டும்... அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?"

எடில்மா கருவியைப் பிடுங்கினாள்.

"எங்கப்பாவுக்கு ஒரு மாங்கன்னு வாங்கித் தரச் சொல்லுங்க! நாளையிலருந்து ஆண்டெனாவுக்குப் பக்கத்துல நிக்கச் சொல்லுங்க, முன்னாடி இல்ல!" குரல் சட்டென்று இறங்கியது. "ஆனா... நிக்கச் சொல்லுங்க."

அந்தக் குன்றுக்கும் ப்ளாயா ஓண்டாவுக்கும் நடுவில் ஒரு பெரிய மலை இருக்கிறது, அங்கிருந்து கூரை தெரிய வழியே இல்லை. இருந்தாலும் நான் இட்ட ஆணை ஆணைதான்.