பேரம் படியாத பழம்

மரத்தடியில் ஓர் எறும்புகூட இல்லை. அதுதான் லூசியாவுக்கு முதலில் உறுத்தியது. ஓமந்தூருக்கு அப்பால் இருந்த அந்த மாந்தோப்பில் மற்ற மரங்களின் கீழெல்லாம் அழுகலும் ஈயும் வௌவால் துப்பிய கொட்டையுமாகக் கிடக்க, கோடியில் நின்ற இந்த ஒன்றின் கீழே மட்டும் யாரோ பெருக்கிவிட்டதுபோல் மண் சுத்தமாக இருந்தது. கிளையிலோ பழுத்துச் சிவந்த பழங்கள். வௌவால் வேண்டாமென்று விட்டதைத் திண்டிவனத்துப் பழ வியாபாரி ஒருவன் கடித்திருந்தான். அவன் அவள் புருஷன்.

அருள்நாதனைச் சொல்லியும் குற்றமில்லை. தோப்பைக் குத்தகை பேசுகிறவன் பழத்தைக் கடிக்காமல் விலை சொன்னால் சந்தையே சிரிக்கும். பறித்துவிட்டாலோ பேரம் முடிந்ததாகக் கணக்கு, சொன்ன விலைக்குத் தோப்பு பறித்தவன் தலையில். அதனால் பழம் கிளையில் தொங்கியபடியே இருக்க, கழுத்தை நீட்டி ஒரு வாய் கடிப்பார்கள். காலையில் அவனும் அப்படித்தான் கடித்தான். பத்து மணிக்கு நாக்கு தடித்தது. பன்னிரண்டுக்குப் பேச்சு நின்றது. என்ன மரமென்று தெரிந்தால்தான் மருந்து கொடுக்கமுடியும் என்றார் டாக்டர். கொழுந்தன் ஆன்டனியை ஆஸ்பத்திரியில் உட்காரவைத்துவிட்டு அவள் இங்கே ஓடிவந்திருந்தாள்.

காவல்காரர் விருத்தாசலம் வேலியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"இது இன்னா மரங்க?"

"யாருக்குத் தெரியும். இருபது வருஷமா சும்மா நின்னுக்கினு இருந்துது. இந்த வருஷந்தான் காய்ச்சிருக்குது."

"நீங்க தின்னு பாத்தீங்களா?"

"நான் கூலிக்காரன்மா. ருசி பாக்கிறதெல்லாம் மொதலாளிங்க வேலை."

அவள் கலைமதிக்குப் போன் போட்டாள். கூடப் படித்தவள், விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறாள்.

"இலை எப்படிடி இருக்குது? எதிரெதிராவா, மாத்தி மாத்தியா?"

"நுனியில கொத்தா."

"அப்ப இலுப்பையா இருக்கும். கிள்ளிப் பாரு, பால் வரும்."

கிள்ளினாள். பால் வரவில்லை. இலை மட்டும் விரலிடுக்கில் வெதுவெதுவென்று இருந்தது. வெயில் ஏறிய சூடல்ல, காய்ச்சல்காரன் உள்ளங்கையைப் பிடித்தால் தெரிகிற சூடு.

"வரலை."

"இலுப்பை இல்ல அப்ப. பூ?"

"வெள்ளை. அஞ்சு இதழ், தடிப்பா."

"மோந்து பாரு."

மோந்தாள். வியர்வையும் பழக்கூடை வைக்கோலும் ஊறிய அருள்நாதன் சட்டைக் காலர். இருபத்திரண்டு வருஷமாக அவள் சோப்புப் போட்டுத் துவைத்தும் போகாத வாசனை.

"வாசனையே இல்ல," என்றாள்.

"பூவைப் பாத்தா அரளி சாதி. ஆனா அரளின்னா பால் வரணுமே. அவரு கடிச்ச பழம் இருக்குதா? போட்டோ எடுத்து அனுப்பு."

தாழ்ந்த கிளையில் அது தொங்கிற்று. கடிவாய் ஆழமாக, நடுவே கொட்டை தெரியும்படி. எடுத்து அனுப்பினாள். இன்னும் கிட்ட எடு என்றாள் கலைமதி. மறுபடி அனுப்பினாள். மாமர நிழல்கள் நீண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. வேலிப்பக்கம் கத்திக்கொண்டிருந்த கிளிகள் எப்போது நிறுத்தின என்று தெரியவில்லை.

"லூசி, இது வேற பழம்டி."

"அதேதான்."

"மொத போட்டோவுல கொட்டை தெரியுது. இதுல தெரியல. வெளையாடாத. ஜல்தியா அதையே எடு."

லூசியா பழத்தைப் பார்த்தாள். கடிவாய் ஆழம் குறைந்திருந்தது.

கலைமதியின் அழைப்பு அறுந்து ஆன்டனியின் பெயர் திரையில் வந்தது.

"அண்ணி, ஒண்ணும் பயப்படாதீங்க." கெட்ட சேதியை அவன் எப்போதும் அப்படித்தான் தொடங்குவான். "அண்ணன் கன்னத்துல மதியம் ஒரு பள்ளம் இருந்துது இல்ல? வீக்கம் வடியுதுன்னு நெனச்சோமே. இப்ப வெளிய இருந்தே பல்லு தெரியுது அண்ணி. ரத்தமே வரல. நர்ஸம்மா பாத்துட்டு டாக்டரைக் கூப்பிட ஓடியிருக்காங்க."

பழத்திலிருந்து சத்தம் வந்தது. சின்னச் சத்தம். ஈரமாக. சதை சதையோடு ஒட்டுகிற சத்தம். கடிவாயின் ஓரங்கள் நெருங்கின. ஒரு நூல். இன்னொரு நூல். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

எங்கிருந்து எடுத்து நிரப்புகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வியாபாரி பெண்டாட்டி. போனது போக மிச்சத்தையாவது மீட்கவேண்டும் என்றுதான் மனசு ஓடியது. கிளையைவிட்டு அறுத்தால் நின்றுவிடும். நிற்கவேண்டும். கையை நீட்டினாள்.

"பறிக்காதீங்கம்மா," வேலியிலிருந்து விருத்தாசலம். குரல் உயரவில்லை. "பறிச்சா பேரம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

இழுத்தாள். காம்பு முறிந்தது.

போனில் ஆன்டனி "அண்ணே" என்றான். ஒரே முறை. பிறகு கட்டில் கிறீச்சிட்டது. பிறகு போன் தரையில் விழுந்த சத்தம்.

கையில் பழம் கனத்தது. சூடாக இருந்தது. திருப்பினாள். கடிவாய் இல்லை. அது இருந்த இடத்தில் சிவப்புத் தோலும் இல்லை. மாநிறம். இரண்டு நாள் மழிக்காத நரைமயிர். கட்டைவிரலில் குத்தியது.

அதன் அடியில் ஏதோ, அவசரமில்லாமல், மென்றுகொண்டிருந்தது.