சுவருக்குள்ளே சுண்டு

எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வீட்டில் அவளுக்கு ‘வக்கீல்’ என்று பெயர். தம்பி பெயர் சுண்டு. இரண்டு பேரையும் மலைக்கோட்டை பார்க்கக் கூட்டி வந்த அம்மாவுக்குப் பாதி மலையிலேயே மூச்சு வாங்கியது.

உச்சியில் ஒரு பழைய வட்ட மண்டபம். நடுவே சாரம் கட்டித் துணியால் மறைத்து, பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுற்றுச்சுவரை ஒட்டி நடக்க மட்டும்தான் வழி.

“சுவர்கிட்ட வாயை வச்சு மெதுவாப் பேசுங்க, அந்தக் கோடி வரைக்கும் கேக்கும். கத்துனா ஒண்ணுமே புரியாது. அப்புறம், கயிறு கட்டின படிப் பக்கம் யாரும் போகாதீங்க, உடைஞ்சிருக்கு” என்றார் வழிகாட்டி. அடுத்த கூட்டத்தை அழைத்துவர வெளியே போனார்.

அம்மா திரும்பிப் பார்த்தார். சுண்டுவைக் காணோம்!

“அக்கா... எங்க இருக்கே?”

வக்கீலின் காதோரம் அழுகைக் குரல். பக்கத்தில் யாருமில்லை. வெறும் கல்சுவர்.

“ஐயையோ, பிள்ளை சுவருக்குள்ள மாட்டிக்கிச்சு!” என்று சுற்றிப் பார்க்க வந்த ஒரு மாமா சுவரைத் தட்டினார்.

“சுண்டூ!” என்று அம்மா கத்தினார். மண்டபம் முழுக்கச் சுண்டு, சுண்டு, சுண்டு!

“சுண்டு, எங்கடா இருக்கே?” என்று சுவரோரம் கேட்டுக்கொண்டே வக்கீல் ஓடினாள். பின்னால் அம்மா. அம்மாவுக்குப் பின்னால், ஏன் ஓடுகிறோம் என்றே புரியாமல் மாமா. குரலும் கூடவே வந்தது. கடைசியில் புறப்பட்ட வாசலே மறுபடி வந்தது. சுண்டு மட்டும் இல்லை.

வக்கீலுக்குத் தலை சுற்றியது. அப்படியே நின்றாள்.

“அக்கா, இங்க ஒரு படி இருக்கு. கயிறு கட்டியிருக்கு. கீழே இறங்கட்டுமா?”

வக்கீல் திரும்பி இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

“எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க! நீங்களும்தான்மா!”

மண்டபம் அமைதியானது. அவள் சுவரில் வாயை வைத்தாள்.

“இறங்காதே சுண்டு. ஒரு சுத்து வந்தும் உன்னைக் காணோமே, நீயும் ஓடுறியாடா?”

“நீதான் முன்னாடி பேசிட்டே போனே. உன்னைப் பிடிக்கத்தான் ஓடினேன்.”

அட! இவ்வளவு நேரம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் துரத்தியிருக்கிறார்கள்!

“சரி, இப்ப நீ உக்காரு. நான் மட்டும் நடந்து வரேன்.”

“பயமா இருக்குக்கா.”

“நான் பேசிட்டேதான் வருவேன். நீ ஷூவைக் கழட்டி மறுபடி போடு. நான் வர்றதுக்குள்ள முடிச்சுட்டா நீதான் ஜெயிச்சே.”

கன்னமெல்லாம் சுவரின் தூசி அப்ப, அவள் பேசிக்கொண்டே நடந்தாள். “ஒரு ஷூ போட்டாச்சா?”

“ம்ம்.”

“இன்னொண்ணு?”

“போட்டாச்சு! நான் ஜெயிச்சுட்டேன்!”

கயிற்றுக்கு இந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான் சுண்டு. அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்.

சுண்டுவுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. “அக்கா என் பக்கத்துலயேதான் பேசிட்டிருந்தா. அப்புறம் எதுக்கும்மா என்னைத் தேடினீங்க?”

மாமா வக்கீலைப் பார்த்தார். வக்கீல் குனிந்து, தம்பி இடவலம் மாற்றிப் போட்டிருந்த ஷூக்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.