குவான்சா குடும்பத்து இழவுத் துணி

சனிக்கிழமை மதியம். திட்டப் பிரிவில் அராபா தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் திரையில், யாரும் கேட்காத ஓர் உற்பத்தி ஆணை வந்து நின்றது. இழவுத் துணி. சிவப்பும் கறுப்பும். குடும்பம் குவான்சா. துணியைக் கேட்டவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

தேமா துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த அந்த அச்சுத் துணி ஆலையில் இழவுத் துணிக்கு என்றுமே பஞ்சமில்லை. யார் செத்தாலும் உடலைக் குளிர் அறையில் வைத்துவிட்டுக் குடும்பம் கூடும். அடக்கத்துக்கு ஒரு சனிக்கிழமையைக் குறித்து, செத்தவர் முகம் போட்ட துணிக்குச் சொல்லி அனுப்புவார்கள். ஆண்டு அனுபவித்துப் போனவர்களுக்கு வெள்ளையும் கறுப்பும். பாதியில் போனவர்களுக்குச் சிவப்பும் கறுப்பும். சாவு முதலில், துணி அப்புறம்; இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை.

குவான்சா என்பது அவள் கணவர் எபோவின் குடும்பப் பெயர். அவர் ஊரான கேப் கோஸ்ட் பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு குவான்சா தலையில்தான் விழும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சிரிப்பு வரவில்லை. சிறுநீரகக் கோளாறில் எபோ ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அந்தப் பெயரைச் சிவப்புக்குப் பக்கத்தில் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இந்த வாரம் சோள மாவுக் கென்கேயை விழுங்கினாள், அவர் இல்லாத கட்டிலில் படுத்தாள், எழுந்து வேலைக்கும் வந்தாள்.

ஆணையை அழித்தாள். திட்ட மென்பொருளை மறுபடி ஓட்டினாள். ஆணை திரும்ப வந்தது.

அச்சுத் தளத்து மாஸ்டர் குவாமெனா கறுப்புச் சட்டையோடு வாசலில் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, குவான்சா வீட்டுத் துணிக்கு முகம் எங்க? படமே வரலையே."

"அது தப்பா வந்த ஆணை. விட்டுடு."

"தப்பாவா? 'ஐயோ, இது என்ன அடி'ன்னு வாசகம்கூடக் கரெக்டா வந்திருக்கே! சரி, முகம் இல்லாம யாருக்குன்னு அழுறது? நான் கிளம்புறேன். இன்னைக்கு மூணு அடக்கத்துல தலையக் காட்டணும். இல்லன்னா என் அடக்கத்துக்கு ஒரு பய வரமாட்டான்."

அவன் கேட்ட கேள்வியிலேயே எல்லாம் இருந்தது. அவள் காதில்தான் ஏறவில்லை.

பாலைவனத் தூசியைச் சுமந்து வந்த ஹர்மத்தான் காற்று ஜன்னலை உரசிக்கொண்டிருந்தது. வெளிச்சம் சாம்பலாகக் கரைந்து மேசையில் படிந்தது. கீழ்த்தளத்திலிருந்து வழக்கமான சாய வாடையோடு, ஆஸ்பத்திரி வராந்தாவில் மட்டுமே அவள் முகர்ந்திருந்த மருந்து வாடையும் படியேறி வருவதுபோல் இருந்தது. அராபா நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்துக்கொண்டாள்.

இழவுத் துணிக்கு மூன்று வாரம் வேண்டும் என்று திட்டத்தில் எழுதியிருந்தது. தளத்திலோ ஒரே நாளில் அடித்து முடித்துவிடுவார்கள். இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லி மேலாளர் வாரம் முழுக்க நச்சரித்துக்கொண்டிருந்தார். அடக்க நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் மென்பொருள் வேலை தொடங்கும் நாளைக் குறிக்கும். இந்த ஆணையில் அடக்கம் மூன்று வாரம் தள்ளி; துணிக்கும் மூன்று வாரம் என்று இருப்பதால்தான் இன்றே தொடங்கு என்கிறது. ஒரு நாள் என்று மாற்றிவிட்டால் தொடக்கம் அந்த அடக்கத்துக்கு முந்தின நாளுக்கு ஓடிவிடும். அதற்குள் எபோ வீட்டுக்கு வந்து, எழுந்து நடமாடி, அவளைக் கேலியும் செய்துகொண்டிருப்பார். அப்புறம் வந்தால் வரட்டும் இந்தப் பாழாய்ப்போன ஆணை.

ஒரு நாள் என்று மாற்றினாள். ஓட்டினாள்.

தொடக்கம் அசையவில்லை. இன்று.

முடிவு: இன்று.

அப்போதுதான் ஆணையின் நிலையைப் பார்த்தாள். காலையிலேயே தளத்துக்குப் போயிருந்தது; அதனால்தான் குவாமெனா முகம் கேட்டு வந்திருக்கிறான். தளத்தில் இறங்கிவிட்ட ஆணையின் தொடக்கத்தை மென்பொருள் தொடாது. அங்கிருந்து முன்னோக்கி எண்ணி, முடிவைத்தான் இழுக்கும். முதலில் நிலையைப் பார், பிறகு எண்ணைத் தொடு என்று புதிதாக வருகிறவர்களிடம் தொண்டை வறளச் சொல்பவளே அவள்தான். மூன்று வாரம் தள்ளி நின்றதைத் தன் கையாலேயே பிடித்து இன்றைக்கு இழுத்துவிட்டாள்.

திரும்ப மூன்று வாரம் என்று அடித்தாள். வேலை நடக்கிறது, மாற்ற முடியாது என்றது திரை.

கீழே இயந்திரம் ஓடத் தொடங்கியது.

படிகளில் இறங்கும்போதே ஃபோனில் எபோவை அழைத்தாள். தளத்தில் விளக்கில்லை. ஆளில்லை. உருளைகள் சுற்றின. ஈரத் துணி வழிந்து வந்துகொண்டிருந்தது.

அதில் முகம் இருந்தது.

எபோ. கன்னத்தில் தலையணை மடிப்புத் தடத்தோடு. யாரும் எடுக்காத படம். கண்கள் அவளையே பார்த்தன.

"என்னடி, இப்படி மூச்சு வாங்குது?" ஃபோனில் அவர் குரல் கேட்டது. "பேய் கீய் துரத்துதா?"

ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. பேசிட்டே இருங்க. எதையாவது பேசுங்க."

"நீ வாயத் திறந்தா என்னை எங்க பேச விடுவ? அதிசயமா இருக்கே."

சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். இயந்திரம் நிற்கவில்லை. அடுத்த முகம் வந்தது. இமை கொஞ்சம் இறங்கியிருந்தது. அதற்கடுத்தது. இன்னும் கொஞ்சம்.

"அராபா... திடீர்னு தூக்கமா வருது."

"தூங்காதீங்க! நர்ஸைக் கூப்பிடுங்க! எபோ, கண்ணைத் திறங்க!"

"திறந்துதான்... இருக்கேன்."

துணியை இரு கையாலும் பற்றி இழுத்தாள். ஃபோன் தரையில் விழுந்தது. சாயம் விரல்களில் ஒட்டியது. துணி அவளையும் சேர்த்து இழுத்தது. அடுத்த முகம். இமைகளுக்கு நடுவே ஒரு கீற்றுதான் மிச்சம்.

"நான்தான். நான்தான் இழுத்துட்டேன். எபோ, என்னை மன்னிச்சிடுங்க."

தரையில் கிடந்த ஃபோனில் மூச்சு மட்டும். மெதுவாக. இன்னும் மெதுவாக.

உருளைக்கு அடியிலிருந்து அடுத்த முகம் வரத் தொடங்கியது. நெற்றி. புருவம். அராபா அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி மூடினாள். கைக்கு அடியில் துணி நகர்ந்துகொண்டே இருந்தது.